கமோமே ஓபனின் கடைசி நான்கு ஆண்டுகள்

“கோல்ஃபைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?” என்று சிஞ்ஞோர் தர்தமெல்லா என்னிடம் கேட்டார். நான் அவருடைய குசினியில் அம்மாவுக்கு உதவியாகக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அப்போது அவருக்குக் கொஞ்சம் கண் தெரியும்.

“நல்லது,” என்றார். “தெரிஞ்ச ஆக்கள் எனக்கு வேண்டாம். அவை குறுக்கை குறுக்கை கதைப்பினம்.”

அவர் பேசியது இத்தாலியனில். இந்தக் கொப்பியில் அவர் எங்கள் ஊர்க்காரரைப் போலக் கதைக்கிறார். திருத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. அவருடைய வாய்க்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

நான் செய்ததை யாருக்கும் ஒளிக்க வேண்டுமென்று நினைத்ததில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மூன்றரை ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

அது 1992ஆம் ஆண்டு. எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்று எட்டு மாதமாகியிருந்தது. சண்டை பிடித்து நிற்கவில்லை. வகுப்பில் வரவு எடுக்கும்போது பிரசாந்தினி என்ற என் பெயர் ரீச்சரின் வாயில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி உடைந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், நான் “இருக்கிறேன்” என்று சொல்ல வாயைத் திறப்பேன், சத்தம் வராது. சத்தம் வராத பிள்ளை இல்லாத பிள்ளைதானே. ஒருநாள் உண்மையாகவே இல்லாமல் போனேன். அம்மா என்னைத் தனியே வீட்டில் விடப் பயந்து, பலெர்மோவில் வியா மக்வேதா தெருவில் தான் வேலை செய்யும் சிஞ்ஞோரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான்காம் மாடி, லிப்ட் இல்லை.

சிஞ்ஞோர் நீனோ தர்தமெல்லா கப்பலில் றேடியோ அதிகாரியாக இருந்தவர். 1974இல் அவருடைய கப்பல் யப்பானின் தெற்குக் கரையில் திருத்த வேலைக்காகப் பதினெட்டு நாள் நின்றது. பொழுது போகாமல் கடற்கரையோரம் நடந்தவர், ஒரு புல்வெளியில் வெள்ளைப் பந்து ஒன்றைக் கண்டார். நல்ல பந்து என்று காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள்தான் தெரிந்தது, அது ஒரு போட்டியின் நடுவில் கிடந்த பந்து என்று. போட்டியின் பெயர் கமோமே ஓபன். கமோமே என்றால் யப்பானியரின் மொழியில் கடற்காகம். பந்துக்குச் சொந்தக்காரர் ஒக்குமுரா என்ற இளம் ஆட்டக்காரர். பந்து தொலைந்தால் தண்டனை அடி உண்டு. அந்தத் தண்டனையால் அவர் கடைசி இரண்டு நாள் ஆட்டத்துக்குத் தகுதி இழந்தார். சிஞ்ஞோர் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ஒக்குமுரா பந்தைப் பார்த்தார், சிஞ்ஞோரைப் பார்த்தார், பிறகு புல்லில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒக்ரோபரிலும் போட்டி முடிந்ததும் ஒக்குமுரா ஒரு நீண்ட கடிதம் எழுதுவார். நவம்பரில் அது பலெர்மோவுக்கு வந்து சேரும். பெரிய எழுத்துகளில், சின்ன ஆங்கிலத்தில் இருக்கும். சிஞ்ஞோர் அதை இத்தாலியனில் விரித்து ஒரு தடித்த புத்தகத்தில் எழுதுவார். அதுதான் கமோமே ஓபனின் வரலாறு. 1992இல் அது முந்நூற்றுப் பதினொரு பக்கம் வந்திருந்தது. யப்பானில்கூட அப்படி ஒரு வரலாற்றை யாரும் எழுதவில்லை. அங்கே அதற்குத் தேவை இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நல்ல வரலாறு அது. போட்டியை நடத்தியது கொசு விரட்டும் நுளம்புத்திரி செய்யும் ஒரு நிறுவனம். வென்றவருக்குக் கிண்ணத்தோடு ஒரு வருடத்துக்குப் போதுமான நுளம்புத்திரியும் கொடுப்பார்கள். 1977இல் வென்றவர் மலையுச்சியில் வசித்தவர், அங்கே நுளம்பே இல்லை, இருந்தாலும் மரியாதைக்காக ஒவ்வொரு மாலையும் ஒரு திரி கொளுத்தினார். 1983இல் மூடுபனி. பந்து எங்கே விழுகிறதென்று தெரியாமல் இரண்டு பேர் ஏழு குழி மேலதிகமாக ஆடினார்கள். 1987இல் முன்னணியில் இருந்தவரின் பந்தை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போனது. காகத்துக்கு எந்த விதி என்று நடுவர்கள் நாற்பது நிமிடம் வாதாடினார்கள். பத்தொன்பது போட்டியிலும் ஒக்குமுரா ஆடினார். ஆகத் திறமாக வந்தது பதினான்காம் இடம்.

“வெல்லுறவனைப் பற்றிப் பேப்பர்காரன் எழுதுவான்,” என்பார் சிஞ்ஞோர். “மற்றவனுக்கு நாங்கள் இருக்க வேணும்.”

எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போனது. ஆகக் குறைவாக அடிப்பவர் வெல்கிறார். குறைவாக வைத்திருப்பவரை வெல்லவிடும் விளையாட்டை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

1993 இளவேனிலில் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கோடைக்குள் கண்ணும் போய்விட்டது. முழுவதும் போகவில்லை. ஓரங்களில் வெளிச்சம் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. நேரே நிற்கும் ஆளின் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் என்று சொல்வார். அதன்பிறகு நான் வாசிப்பவளும் எழுதுபவளும் ஆனேன். சன்னலோரம் பச்சைத் தோல் போட்ட கதிரை ஒன்று இருந்தது. காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரை அது என்னுடையது. சிஞ்ஞோர் பைஜாமாச் சட்டைக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எதிரே இருப்பார். வரலாறு எழுதும்போது கழுத்துப்பட்டி வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நான் வாசித்தால் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். இதைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நவம்பரில் ஒக்குமுராவின் கடிதம் வந்தது. மாடிப்படியில் வைத்தே உடைத்து வாசித்தேன். கதிரையில் இருந்து வாசிக்கும்போது தடக்குப்படக் கூடாது என்பதற்காக எப்போதும் முன்கூட்டி வாசித்துப் பழகுவேன். அதில் இப்படி இருந்தது: நிறுவனம் களைத்துவிட்டது. மின்சார நுளம்புவிரட்டி வந்துவிட்டது. இந்த ஆண்டு போட்டி இல்லை. இனியும் இல்லை. நண்பரே, இப்போது உங்கள் புத்தகத்தை முடிக்கலாம். ஒரு பிரதி எனக்கு.

நான் மூன்றாம் மாடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். புத்தகம் முடிந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. வீடு துடைக்க வேண்டியிருக்கும், சமைக்க வேண்டியிருக்கும், அவளுடைய பெர்மெஸ்ஸோவும், அதுதான் இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, அப்படியே இருக்கும். கதிரைதான் வெறுமையாகும். நான் குசினிக்குத் திரும்பிப் போவேன். ஆனால் அப்போது இதை நான் யோசிக்கவில்லை. அப்போது யோசித்தது அவருடைய இருதயத்தை மட்டும்தான். அவருடைய மகள் ஸ்ரெல்லா ஒவ்வொரு ஞாயிறும் பொலோஞ்ஞாவிலிருந்து தொலைபேசியில், அப்பாவுக்கு அதிர்ச்சியான செய்தி எதையும் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பயிற்சி இருந்தது. அம்மாவின் அக்கா, ஞானம்பிகைப் பெரியம்மா, சாவகச்சேரியில் இருந்தார். அவருக்கும் இருதய வருத்தம். அவருடைய ஒரே மகன் விதுரன் அண்ணா ஜெர்மனிக்குப் போகும் வழியில் காய்ச்சலில் இறந்துபோனார். சாவுச் செய்தியை வருத்தக்காரருக்குச் சொல்லக் கூடாது என்று குடும்பமே கூடி முடிவெடுத்தது. கையெழுத்து ஒத்துப்போனதால் வேலை என்னிடம் வந்தது. இரண்டு ஆண்டுகளாக விதுரன் அண்ணாவின் கடிதங்களை நான்தான் எழுதினேன். என் கையில் அவர் நன்றாக முன்னேறினார். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு சமைத்தார், பிறகு பனியில் விழுந்து காலை முறித்துச் சுகமானார். பெரியம்மா காலுக்கு நேர்த்தி வைத்தார். எங்கள் சனத்தில் இப்படி எழுதாத குடும்பம் குறைவு. யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

அன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன். “அம்மா, இருதய வருத்தக்காரருக்குச் சாவுச் செய்தி வந்தா என்ன செய்யிறது?”

அம்மா நிலத்தைத் துடைத்துக்கொண்டே, “ஏன், பெரியம்மா ஏதும் கேட்டு எழுதினவவோ?” என்றாள்.

“சும்மா கேக்கிறன்.”

“சொல்லாதை. நீ பாட்டுக்கு எழுதிக்கொண்டிரு.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அவ இருக்குமட்டும். இதென்ன விசர்க் கேள்வி? காலை எடு, துடைக்க.”

பெரியவர்களிடம் கேட்டுத்தான் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு நாள் எடுத்து 1993ஆம் ஆண்டின் கமோமே ஓபனை எழுதினேன். ஒக்குமுராவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு. அது கடவுள் செய்த ஏற்பாடு. இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் வெயில். பழைய பட்டியலிலிருந்து ஹயாஷி என்ற ஒருவரை எடுத்து வெல்ல வைத்தேன். ஒக்குமுராவுக்கு இருபத்திரண்டாம் இடம் கொடுத்தேன், கூட ஆசைப்படக் கூடாது என்று. சிஞ்ஞோர் கடித உறையை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்து, மணந்து பார்த்து, திருப்பித் தந்தார். நான் வாசித்தேன்.

முடித்ததும் அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். “இந்த முறை ஒக்குமுரா நல்லா எழுதியிருக்கிறான்,” என்றார். “வயசு போகப் போக எழுத்து வருது அவனுக்கு.”

என் எழுத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

1994 போட்டி அவ்வளவு திறம் இல்லை. அதில் தெற்கிலிருந்து ஒரு சூடான புழுதிக்காற்று அடித்து எல்லாருடைய பந்தையும் கடலுக்குள் தள்ளியது. “யப்பானிலையும் சிறொக்கோ வருதே?” என்று சிஞ்ஞோர் வியந்தார். அந்த வாரம் முழுவதும் பலெர்மோவில் சிறொக்கோ அடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு நான் காலநிலையை யோசித்து எழுதினேன்.

உண்மையான ஒக்குமுராவும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆட்டம் நின்றபின் அவருக்கு நேரம் கூடிவிட்டது. புத்தகம் முடிந்ததா என்று கேட்டார். சிஞ்ஞோரின் பெயரில் நானே பதில் போட்டேன், முடியவில்லை, வரலாறு மெதுவாகத்தான் போகும் என்று. கண்ணைப் பற்றி எழுதவில்லை. ஒரு மனிதரின் வருத்தத்தை அவரைக் கேட்காமல் வெளியில் சொல்வது சரியில்லை. ஒக்குமுராவின் கடிதங்களை நான் எரிக்கவுமில்லை. உறைகள் தேவைப்பட்டன.

1995 கோடையில் சிஞ்ஞோர் சோர்ந்துபோனார். ஸ்ரெல்லா அவரைப் பொலோஞ்ஞாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் முதியோர் இல்லத்தில் விடப் பார்த்தாள். “புத்தகம் முடியட்டும்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “போட்டி நிண்டாத்தானே வரலாறு முடியும். அது எனக்குப் பிறகும் நடக்கும் போல கிடக்கு.” அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஆண்டு ஒக்குமுராவை வெல்ல வைத்தேன்.

ஐம்பத்தொரு வயதில், இருபத்திரண்டாவது தடவை. கடைசிக் குழியில் பந்து விளிம்பில் நின்று யோசித்து, யோசித்து, உள்ளே போனது. நான் எழுதியதில் அதுதான் திறம் என்று இன்றும் நினைக்கிறேன். சிஞ்ஞோர் எழுந்து நின்றார். பிறகு குசினிக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துச் சுற்றினார். “ஐயோ சிஞ்ஞோர், நிலம் ஈரம், விழப்போறீங்கள்!” என்று அம்மா தமிழிலேயே கத்தினாள். மர்சாலா வைன் போத்தல் ஒன்றைத் திறந்தார். எனக்கும் ஒரு விரலளவு தந்தார்.

பிறகுதான் சொன்னார், “பிள்ளை, போனை எடு. அவனோடை நான் கதைக்க வேணும்.”

ஒக்குமுராவின் தொலைபேசி இலக்கம் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் இரண்டு தடவை பிழையான இலக்கத்தைச் சுழற்றினேன். யாரும் எடுக்கவில்லை என்றேன். நாளைக்குப் பார்ப்போம் என்றார். நான்கு நாள் அப்படியே போனது. வேறு வழிகள் இருந்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன். இலக்கம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிஞ்ஞோர் பிடிவாதக்காரர், புதிய இலக்கத்தைத் தேடியிருப்பார். நான் தேர்ந்தெடுத்த வழியில் தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒக்குமுரா வென்ற அடுத்த செவ்வாய்க்கிழமை காலமானார். வீட்டில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தை மடியில் வைத்தபடி. வலி இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். செய்தியை அவருடைய மருமகளின் பெயரில் எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

சிஞ்ஞோர் மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் பருக்கினாள். நான்காம் நாள் தேவாலயத்தில் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தார். இறந்தவரின் ஞானஸ்நானப் பெயர் என்ன என்று பாதிரியார் கேட்க, சிஞ்ஞோர் யோசித்துவிட்டு, ஜுசெப்பே என்றார். ஜுசெப்பே ஒக்குமுராவுக்காக நாங்கள் மூன்று பேரும் முழங்காலில் நின்றோம். ஐந்தாம் நாள் கழுத்துப்பட்டியோடு வந்து எதிரே இருந்தார். வரலாற்றின் ஆக நீண்ட அத்தியாயத்தை அப்போதுதான் எழுதத் தொடங்கினோம். அவருடைய இருதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுதான் ஒன்றைக் கவனிக்கிறேன். ஒரு நண்பனின் சாவைத் தாங்கிய இருதயம், ஒரு போட்டி நின்றுபோனதையும் தாங்கியிருக்கும். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்ற நேரம் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன் உண்மையான ஒக்குமுராவிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த இளவேனிலில் பலெர்மோவுக்கு வர விரும்புவதாகவும், புத்தகத்தைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஒருவரைச் சாகடித்துவிட்டு மற்றவரை விட்டுவைப்பது எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை. ஸ்ரெல்லாவின் பெயரில் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினேன்: அப்பா நித்திரையிலேயே போய்விட்டார், கடைசியாக உங்களைப் பற்றித்தான் பேசினார். இரண்டாவது பகுதி பொய் இல்லை. அவர் எப்போதும் ஒக்குமுராவைப் பற்றித்தான் பேசினார்.

ஒக்குமுரா பதில் எழுதவில்லை. கண்ணாடிக் கடதாசியில் சுற்றிய ஒரு பெட்டி ஊதுபத்தி அனுப்பினார், நண்பருக்கு முன்னால் கொளுத்துமாறு. வீணாக்க மனமில்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன்.

“உது எங்கை வாங்கினனி?” என்றாள்.

“றெயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்திலை, சீனாக்காரன்ர கடையிலை.”

“நல்ல வாசம். கண்ட கண்டதுக்குக் காசைச் சிலவழிக்கிற நீ இண்டைக்குத்தான் ஒரு உருப்படியான சாமான் வாங்கியிருக்கிறாய்.”

அவள் அதில் இரண்டை வேலைவீட்டுக் குசினியிலும் கொளுத்தினாள், மீன் மணம் போக. சிஞ்ஞோர் வாசலில் வந்து நின்று மூக்கை உயர்த்தினார். “இது அந்தத் துறைமுகத்து மணம்,” என்றார். “நான் செத்துச் சொர்க்கத்துக்குப் போயிட்டன் போல.” அப்படி ஒக்குமுரா கேட்டது அவர் கேட்டபடியே நடந்தது. கொளுத்தியதும் நண்பருக்கு முன்னால்தான்.

1996 போட்டியை மருமகள் எழுதினாள். ஹனாயே என்று அவளுக்குப் பெயர் வைத்தேன். கூச்சம் மிகுந்த பெண். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். அவள் எழுதுவதைக் கேட்டு சிஞ்ஞோர் ஒருநாள், “ஒக்குமுரா என்ரை சிநேகிதன், ஆனாலும் சொல்லத்தான் வேணும், இந்தப் பிள்ளை அவனைவிட நல்லா எழுதுறாள்,” என்றார். நான் அன்றைக்கு ஒரு மணி தாண்டியும் கதிரையில் இருந்தேன். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாள்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அம்மா கபோ சந்தைக்குப் போயிருந்தாள். ஒக்குமுராவின் அத்தியாயத்தை சிஞ்ஞோர் மறுபடி திருத்த வேண்டும் என்றதால் நாங்கள் கடைசிக் குழியில் நின்றோம். அழைப்பு மணி அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

கறுப்புக் கோட்டுப் போட்ட சிறிய மனிதர் ஒருவர், நான்கு மாடி ஏறிய மூச்சோடு நின்றார். கையில் வெள்ளைச் செவ்வந்திப்பூக் கட்டு. வரலாற்றில் ஒட்டியிருந்த படத்தில் அவர் இளைஞராக இருந்தார், என்றாலும் அடையாளம் தெரிந்தது. குனிந்து வணக்கம் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். என்னுடைய கடிதம். பெரிய எழுத்துகளில் எழுதுவது போலவே பேசினார், ஒவ்வொரு சொல்லாக. “நான், நீனோவின் நண்பன். தயவுசெய்து, நீனோ எங்கே?”

கல்லறையைக் கேட்கிறார் என்பது பூவில் தெரிந்தது. எங்கே என்றால், உள்ளே, பத்தடி தூரத்தில், கழுத்துப்பட்டியோடு. கடற்கரைப் பக்கத்துச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நல்ல கல்லறையைக் காட்டலாமா என்று யோசித்தேன், மர நிழல் உள்ள ஒன்றை. யோசித்து முடியுமுன் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

சிஞ்ஞோர் நடைவழியில் வந்து நின்றார். சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை அகல விரித்து நிற்பது அவருடைய வழக்கம். தெரியாதவர்களுக்கு அவர் உற்றுப் பார்ப்பது போல இருக்கும். ஒக்குமுராவும் அவரைப் பார்த்தார். பூக்கட்டு கொஞ்சம் தாழ்ந்தது. கடிதம் பிடித்த கை அப்படியே நின்றது. சிஞ்ஞோரின் முகம் அவருக்கு நேரே இருந்தது.

“ஆர் பிள்ளை?”

“விலாசம் பிழைச்சு வந்த ஆள்,” என்றேன் இத்தாலியனில். பள்ளிக்கூடத்தில் வராத சத்தம் அன்று தெளிவாக வந்தது.

சிஞ்ஞோர் கையை வெளியே வீசினார், ஈ விரட்டுவது போல. “போகச் சொல்லு. ஒக்குமுராவின்ர வேலை முடியேல்லை எங்களுக்கு.”

ஒக்குமுராவுக்கு இத்தாலியன் தெரியாது. அந்த வசனத்தில் அவருக்கு விளங்கியது அவருடைய பெயரும் அந்தக் கையும் மட்டும்தான். உயிரோடு இருக்கும் நண்பன் தன்னை நேரே பார்த்து, தன் பெயரைச் சொல்லி, போ என்று கை காட்டியதை அவர் கண்டார். தன்னை விலக்குவதற்காகவே அந்தச் சாவுக் கடிதம் அனுப்பப்பட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அது ஒவ்வொரு சொல்லாக எழுதப்படுவதை நான் வாசித்தேன். நான் வேகமாக வாசிப்பவள்.

ஒரு பெயர் போதுமாயிருந்தது. “சிஞ்ஞோர், இது ஒக்குமுரா” என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல் வாயில் இருந்தது. சத்தமும் இருந்தது, அதை நான் சற்று முன்தான் பார்த்தேன். நான் சொல்லவில்லை. இருவரையும் சாகடித்தது நான், இருவரும் உயிரோடு எதிரெதிரே நின்றபோது மறுபடியும் சாகடித்ததும் நான்தான். ஆனால் சிஞ்ஞோரின் இருதயத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய சந்தோஷத்தை அது தாங்கியிருக்காது.

ஒக்குமுரா கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். எங்களுக்கு வேலை நிறைய இருந்தது, அதை அவர் விளங்கிக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். நல்ல மனிதர்கள் அப்படித்தான், விளக்கம் கேட்டு ஆளைச் சங்கடப்படுத்த மாட்டார்கள். சிஞ்ஞோரை நோக்கி மிகவும் தாழக் குனிந்து, நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு பூக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.